அரை மணி நேரக் குடித்தனக்காரன்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீடு கிடைக்கவில்லை.

சொந்த வீடு இருக்கிறதே, உமக்கு எதற்கு இன்னொன்று என்று கேட்கிறீர்களா? நியாயம்தான். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மைசூர் அக்ரஹாரத்தில் இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடம். அதன் ஹாலில் நுகர்வோர் சங்கம் ஒன்று ஒருநாள் வகுப்பு நடத்தியது. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், எடுக்கிறவர்கள், வாங்கப் போகிறவர்கள் — எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து, யாருக்கு என்ன உரிமை, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்று சொல்லிக்கொடுப்பது. மதியம் பிஸிபேளே பாத் உண்டு என்று நோட்டீஸின் கடைசி வரியில் போட்டிருந்தது. நான் நோட்டீஸ்களைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறவன்.

சிறப்பு விருந்தினர் நான்தான். குடித்தனக்காரனாக இருந்த காலத்தில், வீட்டுக்காரர்களின் கொடுமையைப் பற்றி இதே பத்தியில் வாராவாரம் கண்ணீர் விட்டவன் அல்லவா? பிறகு பழைய வீடு ஒன்றை வாங்கி, மாடியை வாடகைக்கு விட ஆரம்பித்ததும் என் கண்ணீர் சட்டென்று நின்றுபோனதை சங்கத்தார் கவனிக்கவில்லை.

பெங்களூரிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்திருந்தார். கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறி வெளுத்துக்கட்டினார். அட்வான்ஸுக்கு ரசீது வாங்குங்கள். காலி செய்யச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். வீடு கட்ட மனை, அதாவது சைட், வாங்குமுன் வில்லங்கம் பாருங்கள்... அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்து, தான் வாங்கிய சைட் ஏரிக்குள் இருப்பதாகச் சொன்னார்.

“வாங்கறப்ப தெரியலையா?” என்றார் வக்கீலம்மா.

“பேஸிகெயல்லி தோரிஸிதரு மேடம்.”

கோடையில் காட்டினார்களாம். பாவம், யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் ஏரிக்குள் சைட் வாங்கியவர் அவர் ஒருவர் மட்டுமில்லை.

அடுத்து வாடகை விவகாரம். என்ன வேலை, எத்தனை பேர், எவ்வளவு காலம் — இதைக் கேளுங்கள். என்ன ஜாதி, என்ன சாமி, என்ன சாப்பாடு, என்ன பாஷை — இதைக் கேட்காதீர்கள். இப்படிச் சொன்னபோது ஹாலில் இருந்த வீட்டுக்காரர்களின் முகங்களைப் பார்த்தேன். அப்புறம் பேசுவதற்கு என்னதான் இருக்கிறது என்று ஒரு திகைப்பு.

பிறகு நான். மனிதனை மனிதனாக மட்டும் பாருங்கள் என்று இருபது நிமிடம் முழங்கினேன். கைதட்டல். அத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம்.

வக்கீலம்மா விடவில்லை. ஒரு சின்னப் பயிற்சி என்றார். வீட்டுக்காரர்கள் குடித்தனக்காரர்களாகவும், குடித்தனக்காரர்கள் வீட்டுக்காரர்களாகவும் மாறி நடிக்க வேண்டும். “மொதல்ல நம்ம சீஃப் கெஸ்ட்.”

எனக்கு வீட்டுக்காரியாக வாய்த்தவர் செல்வி. முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு நர்ஸிங் ஹோமில் நர்ஸ். எங்கோ பார்த்த முகம். நர்ஸ்களை எங்கோ பார்த்திருப்பது என் வயதில் சகஜம்.

“வாங்க, உக்காருங்க. வெயிலு ஜாஸ்தியா இருக்குதுங்களே. தண்ணி குடிங்க.”

எவர்சில்வர் டம்ளர். நிஜத் தண்ணீர். மேடை, ஜனம், தொண்டை வறட்சி... வாய் வைத்துக் குடித்துவிட்டேன். அவர் டம்ளரையே ஒரு கணம் பார்த்துவிட்டு, “சரிங்க,” என்றார்.

எனக்கு வியர்த்தது. ஏனென்றால், எங்கள் வீட்டில் வாடகைக்குக் கேட்டு வருகிறவருக்கு முதலில் தருவதும் ஒரு டம்ளர் தண்ணீர்தான். அது உபசாரம் இல்லை. நுழைவுத் தேர்வு. தூக்கிக் குடித்தால் பாஸ். உதட்டில் வைத்தால் மாடிச் சாவி எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகும். இந்தத் தேர்வை நடத்துகிறவள் என் மனைவி வசந்தா. நான் ஈஸிசேரில் பேப்பர் படிப்பவன் மட்டுமே.

“என்ன வேலைங்க?”

“எழுதறேன்.”

“அது சரிங்க. வேலை?”

ஹாலில் சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன்.

“மனெ தேவ்ரு யாருங்க?”

இது மைசூர்க் கேள்வி. ஜாதி என்ன என்று கேட்பது அநாகரிகம். உங்கள் குலதெய்வம் யார் என்று கேட்பது பக்தி. பதில் வந்ததும் நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நான் நெஞ்சை நிமிர்த்தி, “மேலுக்கோட்டைப் பெருமாள்,” என்றேன். எங்கள் தெருவில் இந்த ஒரு பதிலுக்கே பாதி வீடுகள் திறக்கும்.

“அப்ப வைரமுடித் திருவிழாவுக்கு உங்க சொந்தக்காரங்க பூரா வந்து எறங்குவாங்க. போர் தண்ணி பத்தாதுங்களே... சாப்பாடு எப்படீங்க?”

“சுத்த சைவம். வெங்காயம்கூட...”

“அப்ப காத்தால நாலு மணிக்கே எந்திரிச்சு தலைக்கு ஊத்துவீங்க. எனக்கு நைட் டூட்டிங்க. காத்தாலதான் தூங்கணும்.”

ஹால் அதிர்ந்தது. என் வாழ்நாளில் என் ஆசாரம் எனக்கு எதிரான சாட்சியாக நின்றது அதுவே முதல் தடவை. பிறகு என் முகத்தை நிதானமாக ஆராய்ந்துவிட்டு, கடைசிக் கேள்வியைப் போட்டார்.

“மீசை பெருசா வளப்பீங்களா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இரண்டு மாதம் முன்பு மாடிக்காக வந்தவர். தண்ணீரைத் துளி சிந்தாமல் தூக்கிக் குடித்தவர். குலதெய்வம் மாதேஸ்வரன் என்றார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி எடுப்போம் என்று ஒளிக்காமல் சொன்னார். சொந்த ஊர் ராமாபுரம் என்றார். இப்போதெல்லாம் அந்தக் காட்டுப்பக்கத்து ஊர்ப் பெயரைச் சொன்னாலே கேட்பவருக்குப் போலீஸ் தேடுகிற சந்தனக்கடத்தல்காரனின் மீசைதானே ஞாபகம் வருகிறது? உங்கள் கணவருக்குப் பெரிய மீசையா என்று எங்கள் வீட்டில் கேட்கப்பட்டது. ஜோக்காகத்தான். அவர் சிரிக்கவில்லை.

“எங்க சொந்தத்துல ஒருத்தரு கேட்டிருக்காங்க. அவங்க வேண்டாம்னா உங்களுக்குச் சொல்லியனுப்பறோமுங்க,” என்று மேடையில் பயிற்சியை முடித்தார் செல்வி. வார்த்தை மாறாமல் எங்கள் வீட்டு வசனம். மைசூரில் எந்த வீட்டுக்காரரும் யாருக்கும் சொல்லியனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

“இதெல்லாம் நிஜமா யாராவது கேட்பாங்களா?” என்று வக்கீலம்மா சபையைக் கேட்டார். செல்வி வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்துக் கை காட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிஸிபேளே பாத் வரிசையில் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“வீடு கிடைச்சுதாம்மா?”

“இல்லீங்க. இப்ப இருக்கற வீட்ல பையனுக்குக் கல்யாணமாம், இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்றாங்க. இன்னும் ஒரு வாரந்தான் இருக்குது. பொண்ணை இங்கதான் ஸ்கூல்ல போட்டிருக்குது. ஊருக்கே கொண்டுபோய் விட்ரலாம்னு அவரு சொல்றாருங்க.”

“எங்க மாடி இன்னும் காலியாத்தான் இருக்கு...”

“தெரியுங்க. பொண்ணை விடறதுக்கு அந்த வழியாத்தான் போறனுங்க. போர்டு தொங்குதே. வீட்ல அம்மாவைக் கேட்டுட்டுச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்தேன். வசந்தாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். மனிதனை மனிதனாக... அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“ஏன்னா, நான் எப்போ வேண்டாம்னேன்?”

“நீதானே கேள்வியெல்லாம்...”

“தண்ணி குடுத்தேன். வெயில்ல வந்தாளே, தாகமா இருக்குமேன்னு. டம்ளரை முறைச்சுப் பார்த்துண்டிருந்தது யாரு? மனெ தேவ்ரு யாருன்னு பேப்பருக்குப் பின்னாலேர்ந்து கேட்டது யாரு? மீசையைக் கேட்டது யாரு? நான் அன்னிக்கே சரின்னேன். சமையல் உள்ளுக்கு வந்து, ‘மாதேஸ்வரன்கறா, ராமாபுரங்கறா, வேண்டாம்’னு கிசுகிசுத்தேள். மாடியைப் பெருக்கிப் பெருக்கி எனக்கு இடுப்பு ஒடியறது.”

வாசகர்களே, இதுவரை படித்துக்கொண்டு வந்த நீங்கள் வசந்தாவைக் கொஞ்சம் திட்டியிருப்பீர்கள். தயவுசெய்து வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. இரண்டு மாதமாக அப்படித்தான் நடந்தது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். நமக்குப் பிடிக்காத காரியத்தை நாம் செய்தால், ஞாபகம் அதை வீட்டில் இருக்கிற இன்னொருவர் பெயரில் பத்திரம் பண்ணிவிடுகிறது. ஸ்டாம்ப் டூட்டிகூடக் கிடையாது.

அன்று சாயங்காலமே நான் சொல்லியனுப்பினேன். மைசூர் சரித்திரத்தில் முதல்முறையாக.

செவ்வாய்க்கிழமை கணவரோடு வந்தார். அவர் ஃபேக்டரி ஒன்றில் எலக்ட்ரீஷியன். மழமழவென்று சவரம் செய்த முகம். மேல் உதடு மட்டும் சற்று வெளுத்திருந்தது.

“மீசை வச்சுக்கறது இல்லையா?” என்றேன், பேச்சுக்கு.

“வச்சிருந்தேன் சார். இங்க வந்துட்டுப் போன அன்னிக்கு எடுத்தேன். வீடு கெடைக்கற வரைக்கும்னு.”

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைத் தேடினேன். அன்றைக்குப் பார்த்து அதுவும் கண்ணில் படவில்லை.

செல்வி வகுப்பில் கொடுத்த அச்சடித்த தாளைப் பிரித்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர் எத்தனை மணிக்கு? தனி மீட்டரா? ரசீது உண்டா? அக்ரிமென்ட் எழுதிய பின் ஒருவர் படித்துக் காட்டுவாரா? எல்லாவற்றுக்கும் வசந்தா பதில் சொன்னாள். நான் தேர்வு எழுதுகிறவனைப் போல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இதுக்கு முன்னால இருந்தவங்க ஏனுங்க காலி பண்ணிட்டுப் போனாங்க?”

இந்தக் கேள்வி தாளில் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“இவர் பத்திரிகைல அவாளைப் பத்தி எழுதிட்டார்,” என்றாள் வசந்தா. “அவா குறட்டையைப் பத்தி. ரெண்டு வாரம்.”

செல்வியும் கணவரும் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்காரன் நான், வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு தீர்ப்புக்காகக் காத்திருந்தேன். மாடி இன்னும் எத்தனை நாள் காலியாகக் கிடக்குமோ, வசந்தாவின் இடுப்பு என்ன ஆகுமோ... அதைவிட, அந்தப் பெண் குழந்தை பள்ளிக்கூடத்தை விட்டு ராமாபுரம் போனால், அது யார் கணக்கில் எழுதப்படும்?

“வர்றமுங்க,” என்றார் செல்வி. “ரெண்டே கண்டிசன். இவரு மீசை வச்சுக்குவாரு. எங்களைப் பத்தி நீங்க ஒரு வரிகூட எழுதக் கூடாது. ரெண்டையும் அக்ரிமென்ட்ல போட்ருங்க.”

வசந்தா என்னைக் கேட்காமலே தலையாட்டினாள். போட்டாயிற்று. நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் பாருங்கள், அக்ரிமென்ட் ஒன்றாம் தேதியிலிருந்துதான் அமலுக்கு வருகிறது. இதை எழுதுகிற இன்று தேதி இருபத்தெட்டு. அச்சாகிற தேதிக்கு ஆசிரியர்தான் பொறுப்பு.