கோட்டின் மேல் ஒரு கோடு

தூரிகையை டப்பா விளிம்பில் வழித்துவிட்டு, முனையை இடது மணிக்கட்டில் ஒருமுறை தீற்றிப் பார்ப்பார். அங்கே நிறம் பிசிறில்லாமல் விழுந்தால்தான் லாரிக் கதவைத் தொடுவார். சுண்டுவிரலைத் தகரத்தில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார். கோடு முடிந்த பிறகுதான் மூச்சு வெளியே வரும். வீடு திரும்பும்போது அன்றைய நிறமெல்லாம் மணிக்கட்டில் வரிசையாக நிற்கும். இன்றைக்கு என்ன வேலை என்று மனைவி கேட்பதில்லை. கையைப் பிடித்துப் பார்த்துக்கொள்வாள்.

லாரிக்குப் பெட்டி கட்டும் பட்டறையில் எழுத்து எழுதுவது அவர் தொழில். அங்கே அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம், கொத்தனார் சாய்வு பார்க்கும் கருவி. கோணலாக எதையும் பார்க்கச் சகிக்காது. சாப்பிடப் போன இடத்தில் சுவர்க்கடிகாரம் சாய்ந்திருந்தால், நாற்காலியைப் போட்டு ஏறிவிடுவார். "கட்டிக்கிட்ட நாள்லேருந்து என்னையும் நிமித்தப் பாக்குறாரு, நான்தான் அசைஞ்சு குடுக்கல" என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அவள் அதே தெருவில் வண்டி இருக்கைகளுக்கு உறை தைப்பவள்.

அவளுக்கு இடது மார்பில் பட்டாணி அளவில் கட்டி என்றும், அது புற்றுநோய் என்றும் தெரிந்தபோது, முழுவதும் எடுத்துவிடுங்கள் என்று முதலில் சொன்னவர் அவர்தான். வேரோடு போனால் தொல்லை விட்டது என்பது அவர் எண்ணம். டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். ஆரம்ப நிலையில் பிடித்துவிட்டோம். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் சிகிச்சை கொடுத்தாலும், மார்பை முழுவதும் எடுத்தாலும், ஆயுளில் வித்தியாசமில்லை என்று பல வருடங்கள் தொடர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். கதிர் கொடுக்காமல் விட்டால்தான் அதே இடத்தில் திரும்ப முளைக்கும் பயம் அதிகம். கொடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அங்கே திரும்பி வருவதில்லை.

"அந்தப் பத்தாவது ஆளு?" என்றார் அவர்.

டாக்டர் அம்மா பூசி மெழுகவில்லை. "அதுக்குத்தான் வருஷா வருஷம் வந்து காட்டணும்."

மனைவி கட்டியை மட்டும் எடுக்கச் சம்மதித்தாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர் குறை வைக்கவில்லை. தண்ணீர் சுமந்தார், தலை வாரிவிட்டார், அவளுடைய தையல் மெஷினுக்கு எண்ணெய்கூடப் போட்டார். ஆனால் அவள் உடை மாற்றும் நேரத்தில் மட்டும் அடுத்த அறையில் ஏதாவது வேலை முளைத்துவிடும். அவள் கூச்சப்படக்கூடாது என்றுதான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தழும்பைப் பார்க்கத் தைரியமில்லை என்பது அதற்கு அடியில் கிடந்தது. அவளும் அதை ஒரு பேச்சாக எடுக்கவில்லை.

காயம் ஆறியதும் கதிர் சிகிச்சை தொடங்கியது. கதிர் படவேண்டிய இடத்துக்கு அடையாளமாக மார்பைச் சுற்றி ஊதா நிறத்தில் கோடுகள் போட்டு அனுப்பினார்கள். தினமும் பஸ் ஏறிப் போவார்கள். அவள் உள்ளே போனால் கனத்த கதவு மூடிக்கொள்ளும். அவர் எதிர்ச்சுவரில் சாய்ந்து தொங்கும் அறிவிப்புப் பலகையை நிமிர்த்துவார். மறுநாள் அது மறுபடி சாய்ந்திருக்கும். மெஷினை இயக்கும் பெண் அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

வெயில் காலம். வேர்வையில் ஒரு கோடு மங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கண்ணாடி முன் நின்று கூப்பிட்டாள். "ஏங்க, இது அழியுற மாதிரி இருக்கு. கொஞ்சம் பாருங்க."

தட்டிக்கழிக்க முடியவில்லை. வந்து பார்த்தார். தழும்பு அவர் பயந்த அளவுக்கு இல்லை. நூல் பிரிந்த தையல்போல் சின்னதாக இருந்தது. அதற்குக் கீழே கோடு. மங்கியது போக, நடுவில் லேசாக நெளிந்தும் இருந்தது. அந்த நெளிவு அவர் கண்ணை உறுத்தியது. பட்டறைப் பையிலிருந்து தகரத்தில் குறி போடும் ஊதாப் பேனாவை எடுத்து வந்தார். மணிக்கட்டில் தீற்றிப் பார்த்தார். அவள் விலா எலும்பில் சுண்டுவிரலை ஊன்றி மூச்சைப் பிடித்தார். அவளும் பிடித்துக்கொண்டாள். நூலடித்ததுபோல் கோடு இறங்கியது.

"இப்பத்தான் ஒழுங்கா இருக்கு" என்றார். அவள் கண்ணாடியில் கோட்டைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் உள்ளே போய்ச் சற்று நேரத்தில் கதவு திறந்தது. மெஷின் பெண் வெளியே வந்து, கோட்டை யார் வரைந்தது என்று கேட்டாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்து, "நான்தாம்மா" என்றார்.

"உடம்பு தகரம் இல்ல ஐயா. அந்த வளைவு அவங்க உடம்போட வளைவு. எங்க வெளிச்சக் கோடு சரியா அதுமேல விழுந்தாத்தான் மெஷினைப் போடுவோம். நீங்க நிமித்தி வெச்சிருக்கீங்க."

இன்றைக்குச் சிகிச்சை இல்லை, மறுபடி ஸ்கேன் எடுத்துப் புதிதாகக் கோடு போட வேண்டும் என்றாள். தவறான இடத்தில் கதிர் படவில்லை, விட்டுப்போன நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அது அவர் காதில் விழுந்தது, மனதில் இறங்கவில்லை. எதிரே பலகை சாய்ந்து தொங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை. பெருமைப்பட்ட தன் கையே அவளைப் பத்தாவது ஆளாக்கப் பார்த்ததே என்று மணிக்கட்டில் காய்ந்திருந்த ஊதாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

சிகிச்சை முடிந்தது. தோல் கறுத்து, உரிந்து, மெல்லத் தேறியது. அவள் மறுபடி தையல் மெஷின் முன் உட்கார்ந்தாள். வருடாந்திரப் பரிசோதனை நெருங்கும் நாட்களில் மட்டும் பட்டறையில் அவர் எழுத்து சற்றுப் பிசகும். காரணம் தெரியாமல் கூட வேலை செய்யும் பிள்ளைகள் கேலி செய்வார்கள். இப்போதெல்லாம் மனைவி உடை மாற்றும்போது அவர் அறையை விட்டுப் போவதில்லை.

ஐந்தாவது வருடமும் ஒன்றுமில்லை என்று டாக்டர் அம்மா சொன்னார். இனியும் வருடம் ஒருமுறை வரத்தான் வேண்டும் என்றும் சொன்னார். மனைவி உள்ளே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். நடைவழியில் அந்த மெஷின் பெண் எதிரே வந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். அத்தனை வருடமாகத் தொண்டையில் நின்றதை அவர் அப்போதுதான் கேட்டார்: "அன்னிக்கு நீ மட்டும் கவனிக்காம விட்டிருந்தா என்னம்மா ஆயிருக்கும்?"

அவள் உள்ளறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வெளிச்சக் கோடே காட்டிக் குடுத்திருக்கும் ஐயா. ஆனா அதுவரைக்கும் போகவே இல்ல. மெஷின்ல படுக்குறதுக்கு முன்னாடியே, இது நீங்க வரைஞ்சதுன்னு அக்கா சொல்லிட்டாங்க. வீட்ல யாரும் கோட்டைத் தொடக்கூடாதுன்னு நான் மொத நாளே சொன்னது அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. வெளிய போய் அவர நல்லாத் திட்டிட்டு வா, இல்லேன்னா அடுத்த ஞாயிறும் பேனாவத் தூக்கிட்டு வருவாருன்னாங்க. அப்ப ஏங்க்கா வரைய விட்டீங்கன்னு கேட்டேன். ஆபரேஷனுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அந்தப் பக்கம் பாத்தாரு, கையத் தட்டிவிட மனசு வரலன்னாங்க."