ஒட்டுக்குக் கீழே

அந்தச் செடியைத் தான் கேட்டு வாங்கிய ஞாபகமே சண்முகவடிவுக்கு இல்லை. அறுபத்தொன்றாம் வருஷம், மழைக்கு முன்னால், அவள் புருஷன் வானமாமலை பைக்குல்லாப் பக்கம் ஒரு நர்சரியில் எலுமிச்சை ஒட்டுச்செடி வாங்கிக்கொண்டு லோக்கல் ரயிலில் வந்து இறங்கினான். லேத் பட்டறைக்காரன். பட்டறையிலிருந்து பாதியாக வெட்டின டிரம் ஒன்றையும் கொண்டுவந்து தாராவி வீட்டு வாசலில் போட்டான். ரெண்டே வருஷத்தில் காய்க்கும் என்று தெரு முழுக்கச் சொன்னான். அத்தோடு அவன் வேலை முடிந்தது.

தபேலா என்கிற எருமைக் கொட்டிலில் சாணி கேட்டு வாங்கியது அவள். விடியுமுன் குழாயடியில் வரிசையில் நின்று பிடித்த ரெண்டு குடத்தில், சமையலுக்குப் போக மிச்சத்தைச் செடிக்கு ஊற்றியதும் அவள்தான். ஏழு மணிக்கெல்லாம் முனிசிபல் பள்ளிக்கூடத்துக்கு ஆயா வேலைக்குப் போயாக வேண்டும்.

முதல் மழையிலேயே பக்கத்து வீட்டு ஹபீபாவின் ஆடு செடியை விரல் உயரம் விட்டு மேய்ந்துவிட்டது. சண்முகவடிவு ஒரு வாரம் ஹபீபாவோடு பேசவில்லை. பிடுங்கிப் போடலாம் என்று நினைத்திருந்த சமயத்தில் அடியிலிருந்து ஒரு குருத்து கிளம்பியது. எப்படிக் கிளம்பியது! மாதத்துக்கு ஒரு சாண். ஹபீபா மேல் இருந்த கோபமும் ஆறியது, பேச்சும் வந்தது.

செடி மரமானது. ஆனால் காய்க்கவில்லை. இலையை மடக்கி மடக்கிப் புழு தின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டாள். கட்டைவிரல் நீளத்துக்கு முள். போகிற வருகிற பிள்ளைகளின் சட்டையெல்லாம் கிழிந்தது. கிழிந்த சட்டையோடு தாய்மார்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். காயில்லாத மரத்துக்கு எதற்கு இத்தனை சவரட்சணை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவளும் புருஷனிடம் அதையேதான் கேட்டாள்.

"பொறுளா, காய்க்கும்" என்பான் அவன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆறாவது வருஷம் காய்த்தது. ஏழு காய். தோல் கரடுமுரடாக, மேடும் பள்ளமுமாக, ஆரஞ்சுப்பழம் போலப் பெருத்துத் தொங்கின. ஒன்றை அறுத்தாள். உள்ளே கொட்டைதான் நிறைந்திருந்தது. பிழிந்தால் ஒரு கரண்டி சாறு வந்தது, அதுவும் கசப்போடு.

வானமாமலையின் ஊர்க்காரர் பூலோகம், செம்பூர் பங்களா ஒன்றில் தோட்ட வேலை பார்ப்பவர், அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். மரத்தைச் சுற்றி வந்து, குனிந்து தூரைத் தடவிப் பார்த்தார்.

"மைனி, இது எலுமிச்சை இல்ல. ஆடு தின்னதுதான் எலுமிச்சை. ஒட்டுக்குக் கீழ தளுத்த காட்டு அடிச்செடிய இத்தன வருசம் வளத்திருக்கீங்க."

ஆறு வருஷத் தண்ணீர், சாணி, புழு, சட்டை எல்லாம் அவளுக்கு ஒன்றாக ஞாபகம் வந்தன. உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்தாள். வானமாமலை எழுந்து நகர்ந்து நின்றான்.

பூலோகம்தான் தடுத்தார். வேர் நல்ல முரட்டு வேர், இதன் மேலேயே நல்ல எலுமிச்சைக் கொம்பில் தளிர் முளைக்கிற கண்ணை எடுத்து வைத்துக் கட்டலாம், பிடித்துக்கொண்டால் ரெண்டு மூணு வருஷத்தில் பழம் பார்க்கலாம் என்றார்.

"இன்னும் மூணு வருசமா?" என்றாள் சண்முகவடிவு.

என்றாலும் அரிவாளைக் கீழே வைத்தாள். அடுத்த வாரம் அவர் பங்களா எலுமிச்சையிலிருந்து கண் எடுத்து வந்தார். மரப்பட்டையைக் கீறி உள்ளே செருகி, வாழைநாரால் இறுக்கிக் கட்டினார். முதல் கண் கருகிப்போனது. திட்டிக்கொண்டே அவளே செம்பூருக்கு பஸ் ஏறிப்போய் இன்னொன்று வாங்கி வந்தாள். அது பிடித்தது. பிறகு பழைய கொம்பைப் பூலோகம் அறுத்து எடுத்தார். ஒட்டுக்குக் கீழே எது தளிர்த்தாலும் உடனே கிள்ளிவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. தினமும் காலையில் அவள் உட்கார்ந்து பார்த்தாள். தினமும் ஒன்று முளைத்திருந்தது.

அறுபத்தொன்பதில் மூன்று பழம் பழுத்தன. சண்முகவடிவு ஒன்றைப் பறித்து, ஒரு செம்புத் தண்ணீரில் பிழிந்து, உப்புப் போட்டு, அடுப்படியில் நின்றபடி முழுச் செம்பையும் தானே குடித்தாள். பிறகு வாசலுக்கு வந்து, ரெண்டு பழம் பழுத்திருப்பதாகப் புருஷனிடம் சொன்னாள்.