கட்டில் பலகையில் ஒரு மேளப்பெட்டி

"மேளம் இல்லாம தாலி கட்டுனா அதுக்குப் பேரு கல்யாணமா? கடத்தல்!"

என் தங்கையைப் பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா இப்படி ஒரு போடு போட்டார். ஜப்பான்காரன் ஆண்ட காலம். மலாக்கா டவுனில் இருந்த மேளக்காரர்களில் பாதிப் பேரைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மீதிப் பேர் எந்த ரப்பர்க் காட்டுக்குள் ஒளிந்திருந்தார்களோ. காஜா பெராங் தெருவில் எங்கள் வீட்டு வாசலில் சிப்பாய்களின் பூட்ஸ் சத்தம் கேட்டாலே, வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருந்த அப்பா ஓடிப்போய்க் கதவைத் தாழிடுவார். அம்மா இல்லாத வீடு வேறு. இந்தச் சம்பந்தம் கைநழுவினால் இன்னொன்று வரும் என்று யார் கண்டார்கள்?

"மேளத்துக்கு நான் பொறுப்பு" என்றேன், அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து.

கதவுக்குப் பின்னால்தான் என் இடம். நான் மூத்தவள், கட்டியவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். நல்ல காரியம் பேசும் இடத்தில் வெள்ளைப் புடவை தெரியக் கூடாது. குரலை யார் கட்டிப்போட முடியும்?

"யாரு அது?" என்று கேட்டார் அந்த அம்மா.

"மூத்தவ" என்றார் அப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டு.

"சரி. நாலு வீட்டுக்குக் கேக்கணும், சொல்லிட்டேன்."

அவர்கள் போனதும் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "எந்த மேளக்காரனை வச்சுக்கிட்டு இப்படி வாய் விட்ட?" எனக்கும் தெரியாதுதான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு துள்ளல். எத்தனையோ நாள் கழித்து எனக்கென்று ஒரு வேலை வந்திருந்தது!

பக்கத்து வீட்டுச் சிட்டி அக்காவிடம் ஓடினேன். மலாய்க்காரப் பெண்கள் மாதிரி கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டே மலாயில் பேசும், பல தலைமுறையாய் மலாக்காவில் வாழ்ந்த தமிழ்ச் சிட்டி வம்சத்து மனுஷி. அவரிடம் சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்று இருந்தது. அவர் கல்யாணத்தில் ஓடிய நாதஸ்வர இசைத்தட்டும் இருந்தது. விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன், "அம்பில்லா, அடிக், அம்பில்! எடுத்துக்கோ, தங்கச்சி!" என்று என் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் வைத்துப் பார்த்தால், சத்தம் கொசுவுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பெட்டியைக் கரையான் அரித்திருந்தது. இரும்பு ஊசி எங்கும் கிடைக்காமல், அக்கா எலுமிச்சை முள்ளைச் சொருகி வைத்திருந்தார். முள்ளில் வரும் சத்தம் இன்னும் கம்மி. நாலு வீட்டுக்கு எங்கே கேட்பது, நாலு முழத்துக்குக் கேட்டால் பெரிது.

போருக்கு முன்னால் ஒரு சீன முதலாளி, தவுக்கே வீட்டில், ஆள் உயரத்துக்கு நின்ற கிராமபோன் பெட்டியைப் பார்த்திருந்தேன். அதன் வயிற்றுக்குள்ளேயே மரத்தால் புனல் மாதிரி ஒரு குழல் விரிந்து, முன்பக்கம் வாயாகத் திறந்திருக்கும். அந்தச் சீனன் வீட்டுச் சத்தம் ரோட்டு முனை வரைக்கும் வரும். அதே மாதிரி ஒன்றைச் செய்துவிட்டால் போகிறது! ரம்பம் எந்தப் பக்கம் அறுக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பலகைக்கு எங்கே போவது? என் கல்யாணக் கட்டிலைப் பிரித்தேன். அப்பா பதறினார். "ஏம்மா, அந்தப் பலகையா? ராசி பாப்பாங்கம்மா."

"மரத்துக்கு என்னப்பா ராசி? நான் தரையிலதான படுக்கிறேன். அதுல குடும்பம் நடத்துறது மூட்டப்பூச்சிதான்!"

அப்பா வளைந்த ஆணிகளை அம்மிக்கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார்.

முதல் பலகையை நேராகத்தான் அறுக்கத் தொடங்கினேன். அது கள் குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகப் போய் முடிந்தது. கால்கள் நாலும் நாலு உயரம். ஒன்றைக் குறைத்தால் மற்றது ஆடியது, அதைக் குறைத்தால் இது ஆடியது. கடைசியில் பெட்டி அடைகாக்கும் கோழியாய் உட்கார்ந்துவிட்டது. தங்கை சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டாள். "அக்கா, இன்னும் கொஞ்சம் அறுத்தா முறமாயிடும்!" "போடி, உன் கல்யாணத்துக்குத்தான் சாகிறேன்" என்று சுத்தியலை ஓங்கினேன். பின்பக்கத்துக்குப் பலகை போதவில்லை. அப்படியே திறந்தபடி விட்டேன். உள்ளே குறுக்குப் பலகை ஒன்று அடித்து அதில் இயந்திரத்தைப் பதித்தேன். குழலின் இடுக்குகளில் மரவள்ளிக்கிழங்கு மாவைக் காய்ச்சி அப்பினேன்.

இயந்திரம் மட்டும் கிறீச் கிறீச் என்றது. கிரீஸ் ஏது? சமையலுக்கே செம்பனை எண்ணெய்தான் இருந்தது. அந்தச் சிவப்பு எண்ணெயையே எடுத்துத் தாராளமாக விட்டேன். சத்தம் நின்றது.

கல்யாணத்துக்கு முந்தின நாள், உச்சி வெயிலில், சாவி கொடுத்து முள்ளை வைத்தேன். அம்மாடி! வீடே அதிர்ந்தது. என் கோணல் பெட்டியின் வாயிலிருந்து நாதஸ்வரம் கிளம்பி, கிணற்றடி தாண்டி, தெருவுக்குப் போய்விட்டது. இங்கிலீஷ்காரன் பாட்டு வைத்தால்தான் ஜப்பான்காரனோடு வம்பு. இதை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சிட்டி அக்கா சாரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அப்பா என் தலையில் கை வைத்தார். நான் அடுக்களைக்குள் போய், யாரும் பார்க்காமல் ஒரு குதி குதித்தேன்.

முகூர்த்தம் விடிவதற்கு முன். இரவு முழுக்க மழை பெய்து குளிர்ந்திருந்தது. பெட்டியின் வாய் பந்தலைப் பார்க்க, திறந்த முதுகு அடுக்களைப் பக்கம் இருக்க, வாசற்படியில் நிறுத்தி, ஒரு புடவையைத் திரையாகக் கட்டி அதன் பின்னால் நான் உட்கார்ந்துகொண்டேன். யார் கண்ணிலும் பட மாட்டேன்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

முள்ளை வைத்தேன். ஊஊஊ என்று எருமை முனகுவது போல ஒரு சத்தம் இழுத்தது.

"ஐயய்யோ, என்ன இது, எழவு வீட்டுச் சங்கு மாதிரி!" என்றாள் யாரோ ஒருத்தி. "நிறுத்துங்க! தாலியைக் கட்டாதடா!" என்று மாப்பிள்ளையின் அம்மா கத்தினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே பார்த்தால், பல்சக்கரங்களில் எண்ணெய் மெழுகாய் உறைந்து கிடந்தது. தினமும் விடியற்காலையில் அந்தப் புட்டியை அடுப்போரம் வைத்து இளக்கித்தான் தாளிப்பேன்! அடுக்களையில் தெரிந்தது பெட்டியடியில் என் மண்டைக்கு உறைக்கவில்லையே, மடச்சி!

அழ நேரமில்லை. திறந்த முதுகுக்குள் கையை விட்டு, இசைத்தட்டின் நடுவே ஒட்டியிருந்த காகிதத்தில் விரலை வைத்துச் சுற்றினேன். முனகல் சற்று எழுந்தது. இன்னும் வேகமாகச் சுற்றினேன். நாதஸ்வரம் தொண்டையைத் திறந்தது, தவில் பிடித்துக்கொண்டது. "கட்டுடா, கட்டு!" என்று அதே அம்மாவின் குரல். பதற்றத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே சுற்றியிருக்க வேண்டும். மேளம் ஓட்டப் பந்தயமாகி, மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் மூச்சு வாங்கிக்கொண்டு போட்டாராம். பந்தலெல்லாம் சிரிப்பு. நான் எதையும் பார்க்கவில்லை. என் தலை பெட்டிக்குள் இருந்தது.

தட்டு முடிந்து கையை வெளியே எடுத்தேன். விரல் தோல் உரிந்திருந்தது. திரை விலகியது.

மாப்பிள்ளையின் அம்மா நின்றார். கையில் தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, பழம், மேலே மடித்த ஒரு வேட்டி. துணி கிடைக்காத காலத்தில், மேளக்காரருக்கென்று எங்கோ பத்திரப்படுத்தி வைத்திருந்திருக்கிறார்.

"மேளக்காரர் எங்க?"

நான் எழுந்து நின்றேன். வெள்ளைப் புடவை முழுக்கச் சிவப்பு எண்ணெய்.

"நான்தான் அத்தை."

என் வெறும் நெற்றியைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், கோழி மாதிரி உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பிடி" என்று தாம்பாளத்தை நீட்டினார். "மேளத்துக்கு மரியாதை செய்யாம நாங்க பந்தியில உக்கார மாட்டோம்."

வாங்கிக்கொண்டேன். என் கையில் தாம்பூலம் விழுந்து எத்தனை காலமாயிற்று!

"ஏம்மா, இங்க ஏன் ஒளிஞ்சுக்கிட்டு இருக்க? மேளம் மணவறைக்குப் பக்கத்துலதான் உக்காரணும். வெளிய வா."

அப்பாவும் சிட்டி அக்காவும் பெட்டியைப் பிடித்தார்கள். மணவறைக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க, நான் உட்கார்ந்தேன். மெல்ல விடிந்து, வெயில் ஏற ஏற எண்ணெய் இளகிவிட்டது. தட்டு தானாகவே சுற்றியது. தங்கை மாலையோடு என்னைப் பார்த்து விசும்பினாள். "அழாதடி, மை கலையும்" என்று அதட்டிவிட்டு, நான் மறுபடியும் சாவி கொடுத்தேன்.