குசினி ஜன்னலும் கடைசிப் பெனல்டியும்

2025 ஜூலை 12, சனிக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். குசினிக்குள் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தேன். முற்றம் கூட்டி, இரவு முழுக்கக் கச்சான் காற்று கொண்டுவந்து போட்ட வேப்பஞ்சருகை மூலையில் குவித்தேன். செவ்வரத்தைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். சனிக்கிழமைகளில் அடுத்த வேலை, குசினியின் பின்சுவருக்கு வெள்ளை அடிப்பது. அன்று அடிக்கவில்லை. வீட்டில் விருந்தாளி நித்திரை. சுண்ணாம்பு மணத்துக்கு எழும்பிவிடுவாள் என்று வாளியைத் திரும்ப மூடி வைத்தேன்.

கிழமைக்கு ஒருமுறை ஒரே சுவருக்கு வெள்ளை அடிக்கிறவள் என்று எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளில் என்னைப் பற்றி ஒரு கதை உண்டு. காரணம் நானல்ல, என் பெறாமகள், அக்காவின் மகள். ஈச்சிலம்பற்றில் இருந்து வந்து என்னோடு தங்கி, பெண்களுக்கான தொழில்முறை உதைபந்தாட்ட லீக்கில் எங்கள் ஊர்க் கழகத்துக்கு விளையாடினாள். லீக்குக்கும் அது முதற்பருவம், அவளுக்கும் முதற்பருவம். பின்னேரங்களில் அந்தச் சுவரில் கரியால் கோல் கம்பம் கீறி, பந்தடித்துப் பழகுவாள்.

அவள் கோல் போட வேண்டிய முன்வரிசை வீராங்கனை. ஆனால் அந்தப் பருவம் முழுக்க ஒரு கோலும் போடவில்லை. ஒரு பந்து கம்பத்தில் பட்டது. ஒன்று நடுவரின் முதுகில் பட்டது. கோலுக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்த இன்னொன்று, ஊர்த் தெருக்களில் திரிந்து வேலி தாண்டி வந்த மான் ஒன்றில் பட்டது. மான் ஒன்றும் நடவாததுபோல மேய்ந்துகொண்டு நின்றது. கடைசி ஆட்டத்திலாவது கோல் போட்டால்தான் அடுத்த வருட ஒப்பந்தம் என்று பயிற்றுநர் சொல்லிவிட்டார். அந்தக் கடைசி ஆட்டம் இந்தச் சனிக்கிழமைதான், எங்கள் ஊர் மைதானத்தில்.

எதிரணி மன்னார்ப் பக்கத்தில் இருந்து வந்திருந்தது. ஜூலையில் நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்கள் உல்லாசப் பயணிகளால் நிறைந்திருக்கும். அறை கிடைக்காமல் கழகச் செயலாளர் வீடு வீடாக ஏறி இறங்கினார். எங்கள் அணிப் பெண்கள் எல்லாரும் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் ஒன்றாகத் தங்கியிருந்ததால் பெறாமகளின் அறை வெறுமையாகக் கிடந்தது. அதற்கு வந்து சேர்ந்தவள் எதிரணியின் கோல் காப்பாளர்.

செய்தி வேலிக்கு மேலால் போனது. வெள்ளி இரவு பக்கத்து வீட்டு ராத்தா ஒரு சட்டி பிரியாணியும் ஒரு தட்டு வட்டிலப்ப இனிப்பும் கொண்டுவந்தா. கிண்ணியாவில் பிறந்த கைப்பக்குவம்.

"தங்கச்சி, இத அந்தப் புள்ளைக்கு நல்லா வெச்சுக் குடுங்க. திண்டா நாளைக்கு பந்து வாறதும் தெரியா, போறதும் தெரியா. நித்திரதான் வரும்."

"அது நேர்மையில்லை ராத்தா."

"விருந்தாளிக்குச் சோறு குடுக்கிறது எந்தச் சட்டத்துல பிழை?"

சட்டியை வாங்கிக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். விருந்தாளி சட்டியை முடித்தாள். வட்டிலப்பத்தையும் முடித்தாள். பிறகு மிக மரியாதையாக, "இன்னும் கிடக்கோ அன்ரி?" என்று கேட்டாள். வேலிக்கு அப்பால் ராத்தா நெற்றியில் கை வைத்தா. "இது வயிறா, கிணறா?"

அதே நேரத்தில் பெறாமகள் தொலைபேசியில் எடுத்தாள். அவர்களுக்கு இரவுச் சாப்பாடு அவித்த முட்டையும் கடலையுமாம்.

சனி காலை விருந்தாளி பல் விளக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனவள், அந்தச் சுவருக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுவரின் வலது கீழ்மூலை முழுக்கப் பந்து பட்ட மண் தழும்பு. மற்றப் பக்கம் பளிச்சென்று இருந்தது.

"குறை நினைக்காதேங்கோ. எங்கட பிள்ளை பெனல்டி அடிச்சுப் பழகுறவ. சனிக்கிழமையில வெள்ளை அடிக்கிறனான், இண்டைக்கு ஏலாமப் போச்சு."

"ஏன் அன்ரி, இந்த மூலையில மட்டும்?"

"மற்றப் பக்கம் குசினி ஜன்னல். அங்க அடிக்கக்கூடாதெண்டு முதல் நாளே சொல்லிப்போட்டன். பிள்ளை சொல்வழி கேக்கும்."

"நல்ல சுவர் அன்ரி," என்றாள் விருந்தாளி. என் வெள்ளையடிப்பைத்தான் பாராட்டுகிறாள் என்று நினைத்து, காலைச் சாப்பாட்டில் ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்துக் கொடுத்தேன்.

ஆட்டம் பின்னேரம். நானும் ராத்தாவும் நிழல் பக்கத்துக் கதிரைகளைப் பிடித்தோம். ராத்தா நடுவரை ஆட்டம் முழுக்க "அம்பயர்" என்றே கூப்பிட்டு ஏசினா. பிரியாணியின் விளைவை எதிர்பார்த்திருந்த எங்களுக்கு முன்னால், விருந்தாளி கம்பத்துக்குக் கம்பம் பாய்ந்தாள். பெறாமகள் அடித்த இரண்டு நல்ல பந்துகளைத் தட்டி வெளியே அனுப்பினாள்.

"அந்த வட்டிலப்பத்த எங்கட புள்ளைக்கே குடுத்திருக்கலாம்," என்றா ராத்தா.

இரு பக்கமும் கோல் இல்லாமல் கடைசி நிமிடம் வந்தது. எங்களுக்குப் பெனல்டி கிடைத்தது. பெறாமகள் பந்தை வைத்தாள். ராத்தாகூட அம்பயரை ஏசுவதை நிறுத்தினா. அப்போதுதான் விருந்தாளி கையுறையை இறுக்கிக்கொண்டு, மெல்ல, பெறாமகளின் வலப்பக்கமாக ஓர் அடி நகர்ந்து நிற்பதைக் கண்டேன். காலையில் அவள் நின்று பார்த்த சுவர்!

"மற்றப் பக்கம்! மற்றப் பக்கம் அடி!" என்று கதிரையில் ஏறிக் கத்தினேன். காற்று எதிர்ப்பக்கம், என் குரல் அவளிடம் போகவில்லை. சொல்வழி கேட்கிற பிள்ளை வலது கீழ்மூலைக்கே அடித்தாள். பந்து போக முதலே விருந்தாளி அங்கே படுத்திருந்தாள்.

பையை எடுக்க விருந்தாளி வந்தபோது பெறாமகளும் வீட்டுக்கு வந்திருந்தாள். இருவரும் குசினி வாசலில் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கோவமோ அன்ரி?" என்றாள் விருந்தாளி.

"எனக்கென்ன கோவம்? கை கழுவிப்போட்டு இருங்கோ, சோறு ஆறுது."

"சின்னம்மா, நீங்கள் எந்த அணி?" என்றாள் பெறாமகள். நான் மூன்றாவது சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து வைத்தேன். சாப்பிடும்போதுதான் பயிற்றுநர் சொன்னதைப் பெறாமகள் மெதுவாகச் சொன்னாள். ஒரு மாதத்தால் திரும்பவும் தேர்வு வைப்பாராம். அடி பலம் என்றாராம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் அடிக்கிறவளை லீக்கில் எல்லாக் கோல் காப்பாளரும் இனிக் கண்டுபிடித்துவிடுவார்களாம்.

"பலம்தான்," என்று விருந்தாளி சிவந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "மற்றப் பக்கமும் பழகினால் என்னால தடுக்க ஏலாது."

"மற்றப் பக்கம் சின்னம்மாட ஜன்னல்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வேலிக்கு மேலால் ராத்தாவின் தலையும் தெரிந்தது.

"அது போன வருசம் போட்ட கண்ணாடி," என்றேன். விருந்தாளி இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கேத்தில் வைக்க முதல், முற்றம் கூட்ட முதல், திருப்புளியை எடுத்துக்கொண்டு போய்க் குசினி ஜன்னலின் இரண்டு கதவுகளையும் பிணைச்சலோடு கழற்றினேன். பழைய போர்வையில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். பிறகு பெறாமகளின் அறைக் கதவைத் தட்டினேன்.