முப்பத்து மூன்றாவது கிலோமீட்டருக்குப் பிறகு

வடசேரியில் எனக்கு ஒரு சிறிய மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. நான் அண்ணன் என்று கூப்பிடுகிற அவர் அங்கே முதல்முறை வந்தது படிக்கிற கண்ணாடி வாங்க. கடற்கரை ஊர்க்காரர், மீன் மொத்த வியாபாரம், என்னைவிட நாலு வயது மூத்தவர். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால், மேஜைக்கு அடியில் நான் கழற்றிப் போட்டிருந்த ஓட்டக் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக்கா, நீ ஓடுவியா?"

"ஓடுவேன் அண்ணே."

"நானும் ஓடுவேன் பாத்துக்க. கடக்கரையில. ஆரும் பாக்காத நேரமாப் பாத்து."

அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து ஓட ஆரம்பித்தோம். பேச்சிப்பாறைத் தண்ணீர் வருகிற சானல் கரைதான் எங்கள் பாதை. அவர் மூச்சு வாங்கினாலும் பேசிக்கொண்டே ஓடுவார். அன்றைக்குச் சூரை மீன் என்ன விலைக்குப் போயிற்று, மகள் என்ன சொன்னாள், எல்லாம். எனக்குப் பேச வராது. கையிலிருக்கும் வாட்சைப் பார்த்துக்கொண்டே ஓடுவேன். மூன்று வருடம் இப்படி ஓடிய பிறகு, ஒரு ஜனவரி மாதம் சென்னையில் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தோம். நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது என் ஆசை. அவருக்கு முடித்தால் போதும். ஆனாலும் எனக்காக என் வேகத்திலேயே வருவதாகச் சொன்னார்.

முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் அவர் நின்றுவிட்டார். சாலை நடுவிலிருந்த சிமெண்ட் தடுப்பில் உட்கார்ந்து, நெஞ்சை ஒரு கையால் அமுக்கிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லடே. வாயு. நீ போ."

நான் வாட்சைப் பார்த்தேன். அதுதான் நான் செய்த முதல் காரியம். அதே வேகத்தில் போனால் நாலு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம், இரண்டு நிமிடம் மிச்சம். "மெதுவா வாங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று மணி ஐம்பத்தொன்பது நிமிடத்தில் முடித்தேன். பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். போட்டோ எடுத்தேன், மனைவிக்கு அனுப்பினேன், கொடுத்த உப்புமாவை முழுவதும் சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் போனில் எட்டு அழைப்புகள் வந்து கிடப்பதைக் கண்டேன். எல்லாம் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து; அவர் தன் எண் அட்டையின் பின்னால் என் நம்பரைத்தான் எழுதியிருந்தார். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் அவர் சரிந்து விழுவதைப் பார்த்து ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறாள். மாரடைப்பு. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இனி நடக்கலாம், ஓடக் கூடாது என்றார் டாக்டர்.

மாரத்தான் முடித்தால் இரண்டு வாரம் ஓய்வு எடுப்பது வழக்கம். நான் ஆறு மாதம் ஓடவில்லை. கேட்டவர்களிடம் முட்டிவலி என்றேன். மனைவி அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினாள். கண்ணாடி வாங்க வந்தவர்கள் எல்லாம் கை கொடுத்தார்கள். நாலாவது நாள் அதைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். காலையில் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்திருக்காமல், விடிகிறவரைக்கும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். எட்டுக் கிலோ எடை கூடியது. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

அவரோ மாதம் ஒருமுறை கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். மெலிந்திருந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. ஒருநாள் எதிரே உட்கார்ந்து கட்டன்சாயா குடித்தபடியே கேட்டார்.

"ஓட்டம் எல்லாம் எப்படி மக்கா?"

"இல்ல அண்ணே. விட்டாச்சு."

"எனக்கில்லா ஓடப்பிடாது? உனக்கு என்ன? கன்னியாகுமரிக்கு ஒரு ஹாஃப் மாரத்தான் வருதாம். பேரு குடு. நான் முடிக்கிற எடத்துல வந்து நிக்கேன்."

மறுக்க முடியவில்லை. மறுநாள் காலை சானல் கரைக்குப் போனேன். முதல் கிலோமீட்டரிலேயே மூச்சு முட்டியது. தொடை கல்லாகிவிட்டது. முன்பு அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே போன தூரத்தை இப்போது மூன்று இடத்தில் நின்று கடந்தேன். பழகிவிடும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆயிற்று. உடம்பு கொஞ்சம் இணங்கியது. ஆனால் வலப்பக்கம் ஆள் இல்லாமல் ஓடுவது பழகவே இல்லை. காலடிச் சத்தம் ஒன்றுதான் கேட்கும். அது என்னுடையது என்று தெரிந்தும் நடுநடுவே திரும்பிப் பார்ப்பேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டு, சுசீந்திரம் தாண்டும் வரை கூட்டத்தோடு போனேன். அதற்குப் பிறகு எதிர்க்காற்று. ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். கல்லூரிப் பெண்கள், என் அப்பா வயதில் ஒருவர், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிய ஒரு அம்மா. பதினாலாவது கிலோமீட்டரில், கொட்டாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். காலில் வலி இல்லை. நெஞ்சிலும் ஒன்றும் இல்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஓடிவந்த ஒரு வாலிபன் நின்று, "அண்ணா, எந்திரிங்க, சேந்து போவோம்" என்று கை நீட்டினான். "நீ போ" என்றேன். அவன் போகவில்லை. ஓட முடியாதவர்களை ஏற்றுகிற வேன் வரும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றான். வேனில் ஏறும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் சொன்னபடியே முடிக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சீப்பு மட்டிப் பழம். ஓடிவருகிறவர்களின் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றவர், நான் வேனிலிருந்து இறங்கி அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றபோதுதான் திரும்பினார்.

"என்னடே, வலிக்கா?"

"இல்ல அண்ணே."

கடலைப் பார்த்த ஒரு திண்டில் உட்கார்ந்தோம். பழத்தை உரித்துக் கொடுத்தார். கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். ஏழு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க உக்காந்தப்ப நான் உங்க முகத்தப் பாக்கல. வாட்சத்தான் பாத்தேன்."

"தெரியும்" என்றார். "நான் பாத்தேன்லா."

அவர் குரலில் கோபம் இல்லை. சூரை விலையைச் சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு, கடலைப் பார்த்தபடியே, "நான் போன்னு சொன்னேன். நீ போவமாட்டேன்னு நெனச்சேன், கேட்டியா" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். "வா, வெயில் ஏறுது" என்றார். அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஊர் வந்தேன். கடை வாசலில் இறக்கிவிட்டு, மீதிப் பழத்தையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் போன் செய்தேன். "காலையில நடக்கப் போறீங்கல்லா? நானும் கூட வரட்டா அண்ணே?" என்று கேட்டேன்.

"வேண்டாம்டே. நான் ரொம்பப் பைய நடப்பேன். உனக்குச் சேராது."

அவர் அதைக் குத்திச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் கடைக்கு வருகிறார். கண்ணாடியின் திருகை இறுக்கிக் கொடுக்கிறேன், மீன் விலை பேசுகிறோம். ஓட்டத்தைப் பற்றி அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

நவம்பரில் தனியாகப் போய் ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓடி முடித்தேன். வாட்சை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். அதனால் ஏதாவது மாறும் என்று நினைத்தேன். ஒன்றும் மாறவில்லை. கால் ஓடியது. முடிவுக் கோட்டைக் கடந்ததும் யாரோ பதக்கத்தை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வடசேரியில் இறங்கியபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. கடையைத் திறந்தேன்.