தெகி

பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கத்திலிருக்கும் நாகேஷின் கம்ப்யூட்டர் கடையில் சந்திரசேகரனுக்குப் பதினெட்டு வருஷம். நாகேஷின் அப்பா கோவிந்தப்பா காலத்தில் சேர்ந்தவன். செத்துப்போன மதர்போர்டுக்கும் உயிர் கொடுத்துவிடுவான். ஆனால் ஆள் வாயில்லாப் பூச்சி. நாகேஷுக்கு எதையும் இரண்டாவது தடவை சொல்லப் பிடிக்காது. "என்ன சார்?" என்று திருப்பிக் கேட்டால் போதும், வாடிக்கையாளர் முன்னாலேயே "கிவுடா நீனு?" என்று கத்துவான். கன்னடத்தில் கிவுடன் என்றால் செவிடன். இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டே சந்திரசேகரன் கேட்பதையே விட்டுவிட்டான். சொன்னதைச் செய், வாயை மூடு. பதினெட்டு வருஷத்தில் கற்ற பெரிய ஞானம் அதுதான்!

போன வாரம் வனஜா மேடம் வந்தார். காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். அவர் லேப்டாப்பில் இரண்டு சிஸ்டம். விண்டோஸ் காலேஜ் வேலைக்கு. வைரஸுக்குப் பயந்து சொந்த எழுத்தையெல்லாம் லினக்ஸில் வைத்திருந்தார். ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது.

"ஆறு வருஷமா வீடு வீடாப் போயி சேர்த்தது, சார். நம்ம பெங்களூர் தமிழ்ல கலந்து கெடக்குற கன்னட வார்த்தைங்க. மூவாயிரத்துக்கு மேல இருக்கு. வேற காப்பி எடுத்து வைக்கல, தப்பு என்னுதுதான். எப்படியாவது காப்பாத்திக் குடுங்க."

அந்தக் கடையில் அவனை சார் என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே சந்திரசேகரன் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தான்.

பழைய டிஸ்க்கிலிருந்து புது எஸ்.எஸ்.டி.க்கு முழுசாகப் பிரதி எடுக்க ஒரு பகல் பிடித்தது. முடிந்த கையோடு பழையது சுற்றுவதையே நிறுத்திவிட்டது. புதியதை மாட்டி ஆன் செய்தால் விண்டோஸ் நேராக வந்து நிற்கிறது, லினக்ஸைக் காணோம். எது வேண்டும் என்று கேட்கும் கறுப்புத் திரையே வரவில்லை. மேடத்தின் வார்த்தைகள் உள்ளேதான் இருந்தன, உள்ளே போக வழிதான் இல்லை. பென் டிரைவில் ஒரு லினக்ஸை ஏற்றி அது வழியாகப் புகுந்தான். அந்தக் கறுப்புத் திரையைக் கொண்டுவரும் பூட் லோடரைப் புதிதாக எழுதினான். பழைய டிஸ்க்கையே தேடிக்கொண்டிருந்த ஒரு வரியைத் திருத்தினான். மூன்றாவது தடவை ஆன் செய்தபோது கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வந்தன. 'வார்த்தைகள்' என்ற ஃபோல்டர் அப்படியே இருந்தது. அப்பாடா! ஒரு டீ குடித்துவிட்டு வந்து காப்பி எடுத்து வைக்கலாம் என்று எழுந்தான்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும். வெளியே போயிருந்த நாகேஷ் போன் செய்தான்.

"சந்த்ரு, அந்த மேடம் லேப்டாப்ல லினக்ஸ் தெகி. பேக, சீக்கிரம். அவங்க வந்துட்டே இருக்காங்க." சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கன்னடத்தில் 'பாகிலு தெகி' என்றால் கதவைத் திற. 'கசா தெகி' என்றால் குப்பையை எடுத்துப் போடு. இந்த ஊரிலேயே பிறந்த சந்திரசேகரனுக்கு இரண்டும் தெரியும். ஆனால் அந்தக் கடையில் 'லினக்ஸ் தெகி' என்றால் எப்போதும் ஒரே வேலைதான். ஆசைக்கு லினக்ஸைப் போட்டுக்கொண்டு முழிக்கிற காலேஜ் பிள்ளைகளின் லேப்டாப்பிலிருந்து அதைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தை விண்டோஸோடு சேர்த்துவிடுவது. மேடத்துக்கு வேறு எங்காவது காப்பி கிடைத்துவிட்டதோ? கை மவுஸ் மேல் கொஞ்ச நேரம் நின்றது. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்? கேட்கவில்லை, பாவி. துடைத்துவிட்டான்.

வனஜா மேடமும் நாகேஷும் ஒன்றாகத்தான் உள்ளே வந்தார்கள். "லினக்ஸ் ஓப்பன் பண்ணி வைக்கச் சொன்னேனே, மேடம்க்குக் காட்டு" என்றான் நாகேஷ்.

"தொடச்சிட்டேன் சார்" என்றான் சந்திரசேகரன். பழைய மாதிரி டிஸ்க் என்றால் அழித்த பிறகும் தோண்டி எடுக்கலாம். புது எஸ்.எஸ்.டி. அழிக்கச் சொன்னால் அடியோடு அழித்துவிடும். தெரிந்தும் இரண்டு மணி நேரம் தேடினான். ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. மேடம் ஸ்டூலை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் தொறன்னுதான் சொன்னேன், மேடம். நம்ம ஆளுக்குக் கன்னடா சரியா பரல்ல, வராது" என்றான் நாகேஷ்.

பத்தாவது வரை கன்னட மீடியத்தில் படித்தவன் சந்திரசேகரன். அதையும் சொல்ல வாய் வரவில்லை.

மேடம் அவனைத்தான் பார்த்தார். "அவரு சொன்ன வார்த்தை என்ன?"

"தெகின்னாரும்மா."

மேடம் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அது என் லிஸ்ட்ல இருந்துச்சு. ரெண்டு அர்த்தமும் எழுதி வச்சிருந்தேன்."

லேப்டாப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். "வரேம்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சார் என்று சொல்லவில்லை.

நாகேஷ் மேஜைமேல் கிடந்த சந்திரசேகரனின் டூல் பையைக் கையால் காட்டினான். "தெகி."

பதினெட்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் சந்திரசேகரன் திருப்பிக் கேட்டான். "தொறக்கவா சார், இல்ல எடுத்துக்கிட்டுப் போயிடவா?"

"கிவுடா நீனு?" என்று கத்தினான் நாகேஷ்.