இருபத்திரண்டு பெயர், இருபத்து மூன்று தலை

ஒட்டுப்பால் நாற்றம் தெரியுமா உங்களுக்கு? ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டிய பாலை உரித்து மூட்டை கட்டி வைத்தால், இரண்டாம் நாள் செத்த எலி மாதிரி நாறும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கடல் கடந்து ரெங்கம் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், என் சட்டை முழுக்க அந்த நாற்றம்தான். வாத்தியார் என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், நான் மக்கு.

அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். விடியுமுன் அம்மாவோடு காட்டுக்குப் போய், மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தால் கண் சொக்கும். சிலேட்டு மூன்றாம் மாதமே உடைந்தது. அப்பா வேறு வாங்கவில்லை. வருஷ முடிவில் 'அ' கூட உருப்படியாக வரவில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே மறுபடியும் உட்கார் என்றுவிட்டார்கள்.

அதைவிட வலித்தது பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர், வெள்ளைக்காரத் துரை வந்த நாள். மக்குப் பிள்ளைகளைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர். அதனால் அன்றைக்கு மட்டும் எங்களைப் புல் வெட்டும் ஆட்களோடு அனுப்பிவிடுவார் வாத்தியார். துரையின் கார் தாண்டியபோது நான் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிக் குனிந்துகொண்டேன்...

அப்பா சொல்லிவிட்டார். "அடுத்த வருஷமும் இப்படின்னா பெரட்டுல பேரு குடுத்துடுவேன்." பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடம். அங்கே பெயர் ஏறினால் பள்ளிக்கூடம் அவ்வளவுதான்.

எனக்கு ரோஷம் வந்தது.

சிலேட்டு இல்லை, சரி. பால் இருந்ததே! வாத்தியார் பலகையில் எழுதுவதை மனதில் ஏற்றிக்கொண்டு வருவேன். ஓட்டை வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, மங்கின் அடியில் தங்கிய பாலைக் குச்சியால் தொட்டு, வாளியின் முதுகில் எழுதுவேன். வெயிலில் காய்ந்ததும் எழுத்தை அப்படியே தோல் மாதிரி உரித்துவிடலாம். அப்பாவின் பழைய புகையிலை டப்பாவில் போட்டு வைத்து, தூங்கும் வரை எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

அதிலும் ஒரு கோளாறு. உரித்த எழுத்து எந்தப் பக்கம் மேல் என்று தெரியாமல் பாதியைப் புரட்டிப் பார்த்தே படித்திருக்கிறேன். ஒருநாள் பலகையில் எழுதச் சொன்னார்கள். பாதி எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி வந்தது. வகுப்பே சிரித்தது. "தலைகீழாத் தொங்குற வௌவாலு எழுத்துடா இது!"

அழுதுகொண்டு போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் டப்பாவிலிருந்து ஒரு எழுத்தைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"தகரத்துல ஒட்டுன பக்கம் வழவழன்னு இருக்கும்டா. அதக் கீழ போடு. இதுக்குப் போயி அழுவுறியே!"

அதற்கப்புறம் நான் தப்பே விடவில்லை.

மறு வருஷம் துரை வரும் நாளும் வந்தது. வாத்தியாருக்கு நான் இன்னும் அதே மக்குதான். முந்தின நாளே சொல்லிவிட்டார். "நாளைக்கு நீ வராதே."

அம்மா கேட்டாள். "உனக்குப் படிப்பு வருதா, வரலியா?"

"வருதும்மா."

"அப்ப போ. அடிச்சா வாங்கிக்கிட்டு உள்ளயே உக்காந்திரு."

போனேன். அதே நாற்றச் சட்டை, பையில் டப்பா. வாத்தியார் பல்லைக் கடித்தார். அதற்குள் கார் வந்துவிட்டது. துரையோடு வந்த தமிழ் அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார், எங்களை எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

"பேர் இருபத்திரண்டு. தலை இருபத்து மூணு இருக்கே?"

"அந்தக் கடைசிப் பையன் இன்னைக்குத்தான் வந்தான் சார்" என்றார் வாத்தியார். மக்குகளின் பெயரை அவர் பதிவேட்டில் ஏற்றியதே இல்லை.

நான் எழுந்தேன். "இல்லைங்க. ரெண்டு வருஷமா வர்றேன்."

"உன் பேர் என்ன?"

வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேசைக்குப் போய் டப்பாவைத் திறந்து, வழவழப்பைக் கீழே போட்டு, ஒவ்வொன்றாக அடுக்கினேன். வீ... ர... மு... த்... து.

துரை மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். அதிகாரி என் கையில் சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்தார். சொன்ன சொல்லையெல்லாம் பலகையில் எழுதினேன். நேராக எழுதினேன்! அன்றைக்கே பதிவேட்டில் இருபத்து மூன்றாவது பெயர் ஏறியது. அந்த வருஷமே இரண்டாம் வகுப்பைத் தாண்டி மூன்றில் உட்கார்ந்தேன். பெரட்டில் என் பெயரைக் கூப்பிடவே இல்லை.

இப்போது அந்தத் தோட்டத்தில் ஒரு ரப்பர் மரம் கிடையாது, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. என் கொள்ளுப்பேரன் கண்ணாடிப் பலகையில் விரலால் எழுதி விரலாலேயே அழிக்கிறான். உரித்து டப்பாவில் போட ஒன்றும் மிஞ்சுவதில்லை... அந்த நாற்றத்துக்குக்கூடச் சில நாள் மூக்கு ஏங்குகிறது.

குளுவாங் டவுனில் இருக்கும் என் இரும்புக்கடைக்குப் பிள்ளையோடு வந்து, "இவன் மக்குங்க, முதல் வருஷமே போச்சு" என்று அவன் காதுபடச் சொல்கிறவர்கள் உண்டு. பையனை வாசலுக்குக் கூட்டிப்போய், மேலே கடைப் பெயர்ப்பலகையில் ஆள் உயரத்துக்கு இருக்கும் ஐந்து எழுத்தைக் காட்டி, "வாசிடா" என்பேன்.